எதிர்பார்ப்பு இறக்கும் படிக்கட்டு

மாமனார் சாகும்போது மூன்று சொத்துகளை விட்டுவிட்டுப் போனார்: ஒரு கடப்பாரை, ஒரு காசு, ஒரு இருமல். இருமல் மகனுக்குப் போயிற்று. கடப்பாரையைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் வரவில்லை. மிஞ்சிய காசு மகளுக்கு வந்தது. மகள் என்பவள் கொக்கியின் மனைவி.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி இருபத்திரண்டு வருஷமாக அவன் தோளில் தொங்குகிறது. பெயர் அதிலிருந்து இறங்கி அவன்மேல் ஏறிக்கொண்டது. தானியக் கிடங்கில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ. மொத்தம் எத்தனை கிலோ என்று யாராவது பெருக்கிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தூக்குகிறவனுக்குப் பெருக்கல் ஆகாது.

மனைவிக்கும் அதே கிடங்கில்தான் வேலை. பகலில் கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைப்பாள். சாயங்காலம் தரையில் சிந்தியதைக் கூட்டிக் குவித்து வாசலில் ஏலம் விடுவாள். சிந்தல் ஏலம் என்பார்கள். கோழி வளர்க்கிறவர்கள் வந்து கேட்பார்கள். அந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கின் குறை எல்லாவற்றையும் விற்கிறவளே முதலில் சத்தம் போட்டுச் சொல்லிவிட வேண்டும். "கல்லு இருக்கு, மண்ணு இருக்கு, எலிப் புழுக்கை இருக்கு, பார்த்துக் கேளுங்க!" சொல்லிவிட்டால் பிறகு எவனும் சண்டைக்கு வரக் கூடாது. சொல்லாமல் விட்ட குறைக்கு அவளே பொறுப்பு. மொத்த ஏலமும் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். கோழிகள் காத்திருக்காது.

காசு வெள்ளிக் காசு. கறுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய தலை. மூக்கு தேய்ந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். மறுபக்கம் ஒரு குதிரை. அந்தக் குதிரைக்கு ஐந்து கால். குழி வெட்டிய கூலியோடு கலந்து வந்த காசு என்று மாமனார் சொல்லுவார். நாற்பது வருஷம் கட்டில் கால் ஆடாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்.

"அக்கா, சாம்பலைப் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்றான் மச்சினன்.

"கறுப்பா இருந்தா என்னடா? நம்மப்பாவும் கறுப்புதான். அவரைத் தேய்ச்சா வச்சிருந்தோம்?" என்று அவள் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கொக்கிக்குக் காசின்மேல் ஆசை ஒன்றும் இல்லை. முதுகின்மேல்தான் கவலை. இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு, மழைக்காலக் கதவு மாதிரி, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. டாக்டர் படத்தை விளக்கில் காட்டி, "இன்னும் ஒரு வருஷம் நீ மூட்டை தூக்கினா, அப்புறம் உன்னை நாலு பேர் தூக்க வேண்டி வரும்" என்றார்.

கிடங்குக்கு வரும் சரக்கு வண்டிக்காரர் ஒருவர் தொழிலை விடுவதாக இருந்தார். மூன்று சக்கர வண்டி. விலை எண்பதாயிரம். "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். ஆறு மணி ஒரு நிமிஷம் ஆச்சுன்னா தண்ணி கேன் போடுற ஆளு வந்து எடுத்துட்டுப் போயிடுவான்" என்று சொல்லியிருந்தார். கொக்கியின் கையில் இருந்தது இருபது. பாக்கி அறுபதுக்குக் காசு. காசு போகவில்லை என்றால் முதுகு.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் நாணய ஏல மாளிகைக்குப் போனார்கள். வாசலில் பித்தளைப் பலகை: "அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உள்ளே வாருங்கள்."

முன்மேசையில் இருந்த பெண் காசைக் கையில் வாங்கவில்லை. படிவத்தை எடுத்தாள்.

"எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?"

"எவ்வளவு போகுமோ அவ்வளவு" என்றான் கொக்கி.

அவள் பேனாவை மூடினாள். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே."

"அறுபதாயிரம் வந்தா வண்டி வாங்குவேன். வரலைன்னா மூட்டை தூக்குவேன். வேற என்ன?"

"அது உங்க தேவைங்க. தேவை வேற, எதிர்பார்ப்பு வேற. தேவைக்கு எங்ககிட்ட படிவம் கிடையாது." பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு அலுவலர் எட்டிப் பார்த்தார். "என்னவாம்?" "எதிர்பார்ப்பே இல்லாம வந்திருக்கார் சார்." "ஐயையோ" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

முன்மேசைப் பெண் நிதானமாக விளக்கினாள். இந்த மாளிகையில் காசு விற்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். விற்பவரின் எதிர்பார்ப்பு யதார்த்தமான அளவுக்கு இறக்கப்பட்டுவிட்டது என்பதற்கான சான்றிதழ். இறக்க வேண்டுமென்றால் உயரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். தரையில் கிடப்பதை எப்படி இறக்குவது?

"அதனால?"

"மாடிக்குப் போங்க. அங்க ஏத்தி விடுவாங்க. அப்புறம் நாங்க இறக்கி விடுறோம்."

மூட்டை தூக்குகிற இடத்திலும் இதே வேலைதான் நடக்கிறது என்பதால் கொக்கிக்கு இது விளங்கியது. ஏற்று, இறக்கு. அவன் மாடிக்குப் போனான், மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மாடியில் எதிர்பார்ப்பு ஏற்றும் அறை. கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் இருந்தார். ஊக்குநர் என்று சட்டையில் எழுதியிருந்தது. கொக்கியை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, பெரிய படம் ஒன்றைக் காட்டினார்.

"இந்தக் காசு எட்டுக் கோடிக்குப் போச்சு. நல்லாப் பாருங்க. இதுல ஒரு தலை இருக்கு. உங்க காசுலயும் ஒரு தலை இருக்கு!"

"எல்லாக் காசுலயும் தலை இருக்குமே."

ஊக்குநர் கருவியைப் பார்த்தார். முள் அசையவில்லை. "இது வட்டமா இருக்கு. உங்களுதும் வட்டம்!"

"சோத்துத் தட்டும் வட்டம்தான் தம்பி."

ஒரு மணி நேரம் போயிற்று. ஊக்குநர் விளக்கை மங்கலாக்கினார். தீவுகள், கப்பல்கள், நீச்சல் குளத்தில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் என்று படம் படமாக ஓட்டினார். "கண்ணை மூடுங்க. நீங்க அந்தக் குளத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. என்ன தெரியுது?" என்று கேட்டார். "தண்ணி மாத்தி ரொம்ப நாள் ஆச்சு" என்றான் கொக்கி. முள் கொஞ்சம் கீழே போயிற்று. எடையைத் தூக்கிப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லாத ஆளை வெறும் படம் காட்டி ஏற்ற முடியாது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊக்குநரின் சட்டை நனைந்துவிட்டது. "சார், இன்னிக்கு நீங்க ஏறலைன்னா என் வேலை போயிடும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கண் இரண்டும் விரிந்திருந்தது. இருமல்கூட நின்றுபோயிருந்தது.

"எட்டுக் கோடியா?" என்றான்.

விதியில் இடம் இருந்தது. விற்பவர் ஏறாவிட்டால் நெருங்கிய உறவினர் ஒருவர் பதிலாளாக ஏறலாம். மச்சினன் கையில் பட்டையைச் சுற்றினார்கள். சுற்றும்போதே முள் சிவப்புக்குப் போய்விட்டது. மூன்றே நிமிஷத்தில் அவன் மூன்று மாடி வீடு கட்டினான், லிஃப்ட் வைத்தான், லிஃப்டில் யார் யாரை ஏற்றக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டான். பட்டியலில் முதல் பெயர் கொக்கி.

"ஏன்டா, மாமாவை ஏத்த மாட்டியா?" என்றாள் அக்கா.

"கொக்கியோட வந்தா சுவர்ல கீறல் விழும்க்கா. கழட்டி வச்சிட்டு வரட்டும், யோசிக்கிறேன்."

ஊக்குநர் கண்ணீர் மல்க முத்திரை குத்தினார்: எட்டுக் கோடி.

இனி இறக்க வேண்டும். மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கும் படிக்கட்டுதான் இறக்கும் பிரிவு. ஒவ்வொரு படியிலும் பெயின்டில் ஒரு தொகை. மேல்படி எட்டுக் கோடி. அடுத்தது ஐந்து. அடுத்தது மூன்று. அப்படியே லட்சம், ஆயிரம் என்று குறைந்து, கடைசிப் படியில் "ஏதோ கொடுத்தால் சரி" என்று எழுதியிருந்தது. படிக்கு ஓர் அலுவலர், கையில் முத்திரையோடு. இறங்குகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று, "இவ்வளவு பெறாது" என்று தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டம் இருந்தது. நாற்பது லட்சத்தில் ஒரு பெரியவர் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. இரண்டு கோடியில் கணவனும் மனைவியும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மனைவி இறங்கத் தயார், கணவன் தயாரில்லை.

மச்சினன் மூன்று கோடி வரை தைரியமாக வந்தான். ஒன்றரைக் கோடிக்கு வந்ததும் கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இறங்குடா."

"மாட்டேன்க்கா. லிஃப்டை எடுத்துட்டேன். மூணாவது மாடியை இடிச்சிட்டேன். இதுக்கு மேல இடிக்கச் சொன்னா நான் எங்க போய்ப் படுப்பேன்?"

"நீ இப்ப எங்கடா படுக்கிற? எங்க வீட்டுச் சமையல்கட்டுலதானே?"

"அது அப்ப!"

அன்றைக்கு முழுதும் அவன் இறங்கவில்லை. செவ்வாயும் இறங்கவில்லை. புதன்கிழமை நாற்பது லட்சப் பெரியவர் தன் சாப்பாட்டில் பாதியை ஒன்றரைக் கோடிக்கு அனுப்பத் தொடங்கினார். மூன்று நாள் கூலி போய்விட்டது. சனிக்கிழமை ஏலத்துக்குப் பெயர் கொடுக்க வியாழன் கடைசி.

வியாழன் காலையில் கொக்கி படிக்கட்டில் ஏறினான். மச்சினனுக்கு முன்னால் திரும்பிக் குனிந்தான். "மாப்ள, கழுத்தைப் பிடிச்சுக்க" என்றான். என்ன ஏது என்று மச்சினன் யோசிப்பதற்குள் ஐம்பத்தெட்டு கிலோ மூட்டையாக முதுகில் ஏறியிருந்தான். கொக்கி படி படியாக இறங்கினான். முதுகிலிருந்து, "ஒரு கோடி பெறாது! ஐயோ! அறுபது லட்சம் பெறாது! மாமா, மெதுவா!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அலுவலர்கள் போகிற போக்கில் முத்திரை குத்தினார்கள். இரண்டு முத்திரை மச்சினனின் பின்பக்கத்தில் விழுந்தது.

கடைசிப் படியில் இறக்கிவிட்டு நிமிரப் பார்த்தான் கொக்கி. முடியவில்லை. எலும்பு கதவைச் சாத்திக்கொண்டது. மனைவி முழங்காலால் இடுப்பில் ஓர் அழுத்து அழுத்தி நிமிர்த்தினாள். அந்தச் சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்டது.

"இது செல்லாது" என்றார் கடைசிப் படி அலுவலர். "தானா இறங்கணும். தூக்கி இறக்கினது இறக்கமாகாது."

"பேசாம முத்திரையைக் குத்துங்க" என்றாள் மனைவி. "இல்லைன்னா இவரு உங்களைத் தூக்கிக்கிட்டு மேல போய் எட்டுக் கோடியில விட்டுட்டு வந்துடுவாரு. அப்புறம் நீங்க எப்ப இறங்குவீங்களோ."

அலுவலர் ஒரு நொடி மாடியை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிறகு குத்தினார்.

சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சி பெரிய கூடத்தில் நடந்தது. தலைமை எதிர்பார்ப்பு அலுவலர் பேசினார். நல்ல தடித்த மூக்குக்கண்ணாடி. கண்ணாடி ஜாடியில் தண்ணீர். அதற்கு ஒரு மூடி.

"நண்பர்களே! முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த மாளிகை காசு விக்கிறதுக்காகத்தான் ஆரம்பிச்சது. அப்ப எங்களுக்கு அனுபவம் பத்தாது. வித்துக்கிட்டே இருந்தோம். வித்தா என்னாகும்? விலை தெரிஞ்சுடும். விலை தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும். வாசல்ல ஒரே அழுகை! அப்பதான் ரெண்டு பேரை வச்சு இந்தப் பிரிவைத் தொடங்கினோம். இன்னிக்கு இந்தப் பிரிவுல நாப்பத்து மூணு பேர். விக்கிற பிரிவுல ஒருத்தர். அவரும் மத்தியானத்துக்கு மேலதான் வருவார். போன வருஷம் வித்த காசு ஒம்பது. ஏமாந்து போனவங்க எத்தனை? பூஜ்யம்!"

நாற்பத்திரண்டு பேர் கை தட்டினார்கள்.

"அப்ப மத்தவங்க காசு?" என்று கொக்கியின் மனைவி எழுந்து கேட்டாள்.

"அவங்க காசை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா. நிம்மதியா. இப்ப அவங்களுக்கு எதுவுமே வேண்டாம். ஒருத்தர் பென்சன்கூட வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார்."

கொக்கியின் கையில் சான்றிதழ் வந்தது. சான்றளிக்கப்பட்ட எதிர்பார்ப்பு: முந்நூற்றைம்பது.

"காசை நீங்க இன்னும் பாக்கவே இல்லையே சார்" என்றான்.

"பாக்க மாட்டோம். பாத்தா எங்களுக்கே எதிர்பார்ப்பு வந்துடும். அப்புறம் எங்களை இறக்க ஒரு ஆள் போடணும். அதுக்கு நிதி இல்லை."

"பாக்காம எப்படி முந்நூத்தம்பது?"

"எல்லாருக்கும் முந்நூத்தம்பதுதான்" என்று அவர் அவன் தோளைத் தட்டினார். "இங்க ஏழை பணக்காரன்னு பாக்கிறது கிடையாது."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏலம். கூடத்தில் இருபது நாற்காலி. காசைச் சிவப்புத் துணித் தலையணையில் வைத்திருந்தார்கள். அத்தனை மெத்தென்ற இடத்தில் மாமனாரே படுத்ததில்லை. ஏலக்காரர் சுத்தியலை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இல்லாமல் அவருக்குக் குரலே மறந்துபோயிருந்தது. அவருக்குப் பக்கத்தில் தலைமை அலுவலர், முன்னால் ஒரு மேசை மணி.

வாங்க வந்தவர்கள் முறைப்படி காசை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். முதலில் ஒரு பல் டாக்டர். பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "அச்சு ரெண்டு தடவை விழுந்திருக்கு. குதிரைக்கு அஞ்சு கால்!" என்றார். வாய் தவறிச் சத்தமாகச் சொல்லிவிட்டார். அடுத்து இரும்புக்கடை அம்மா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்தாள். "தள்ளுய்யா. நாலு கால் குதிரை என்கிட்ட நூறு இருக்கு. அஞ்சு கால் இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

"நூறு!" என்று தொடங்கினார் ஏலக்காரர்.

"ஐயாயிரம்" என்றார் பல் டாக்டர்.

டிங் என்று மணி அடித்தது. தலைமை அலுவலர் எழுந்துவிட்டார். "டாக்டர் சார், தயவு செஞ்சு நிதானம். விக்கிறவர் முந்நூத்தம்பதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"எட்டாயிரம்" என்றாள் இரும்புக்கடை அம்மா.

டிங். "அம்மா, அது அவ்வளவு பெறாது. நான் சொல்றேன்!"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காமத்தான் சொல்றேன்!"

"பன்னெண்டு!" டிங். "பதினஞ்சு!" டிங், டிங். தலைமை அலுவலர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வாங்குகிறவர்களின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு கையை இறக்கினால் இன்னொரு கை ஏறியது. ஏலக்காரர் மட்டும் பூரித்துப்போய், பழைய குரல் திரும்பி, இளைஞனைப் போல் நின்றார்.

"நிறுத்துங்க!" தலைமை அலுவலர் மூச்சு வாங்கினார். "சான்றளிச்ச தொகைக்கு மேல ஏலம் போனா அதுக்கு விலகல்னு பேரு. இப்படி ஒண்ணு எங்க வரலாத்துலயே நடந்ததில்ல. விதிப்படி விக்கிறவரை மறுபடி மாடிக்குக் கூட்டிட்டுப் போய் இந்தத் தொகை வரைக்கும் ஏத்தணும். அப்புறம் இறக்கணும். அப்புறம்தான் ஏலம். மொத்தம் பதினெட்டு வேலை நாள்."

கொக்கி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பத்து. ஆறு மணிக்குத் தண்ணீர் கேன் ஆள் வந்துவிடுவான்.

அவன் எழுந்து முன்னால் போனான். "சார், சுத்தியல் விழுற வரைக்கும் காசு யாருது?"

"உங்களுது. விதி பன்னெண்டு" என்றார் தலைமை அலுவலர். விதியைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே கம்பீரமாகிவிடும். அதனால் என்ன சொல்கிறோம் என்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார்.

கொக்கி தலையணையிலிருந்து காசை எடுத்தான். மனைவியின் கையில் வைத்தான். இருவரும் வெளியே நடந்தார்கள். இருபது நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது.

மாளிகையின் முன்படியில் ஏறி நின்றாள் அவள். புடவையை இழுத்துச் செருகினாள். கிடங்கு வாசலில் கோழிக்காரர்களுக்குக் கொடுக்கிற அதே குரல்.

"கேட்டுக்கங்க! கறுத்துப் போன காசு! துலக்கல, துலக்கவும் மாட்டோம்! ஓரம் தேஞ்சிருக்கு! ராஜா யாருன்னு தெரியாது, மூக்கு கிடையாது! குதிரைக்குக் கால் ஒண்ணு அதிகம்! நாப்பது வருஷம் கட்டிலுக்கு முட்டுக் குடுத்தது, வயித்துல ஒரு பள்ளம் இருக்கு! காசைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், தெரியாததுக்கு நான் பொறுப்பில்ல! பார்த்துக் கேளுங்க!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். பல் டாக்டர் படியில் ஏறிப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இருபது!"

"முப்பது" என்றாள் இரும்புக்கடை அம்மா. "உங்க கை நடுங்குது டாக்டர். அந்தக் கையோடவா பல்லுப் பிடுங்குறீங்க?"

"நாப்பது!"

"நாப்பத்தஞ்சு!"

"ஐம்பது!" டாக்டர் பல்லைக் கடித்தார். இரும்புக்கடை அம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கொக்கிக்கு முதுகில் அந்த எலும்பு துடிப்பது தெரிந்தது. ஐம்பதில் நின்றால் வண்டி இல்லை. ஐம்பதில் நின்றால் திங்கட்கிழமை மூட்டை.

"அம்மா?" என்றாள் மனைவி இரும்புக்கடை அம்மாவைப் பார்த்து. கெஞ்சவில்லை. சிந்தல் ஏலத்தில் கெஞ்சினால் விலை இறங்கும்.

"வயித்துப் பள்ளத்தை இன்னொரு தரம் காட்டு." பார்த்தாள். கைப்பையைக் கக்கத்திலிருந்து எடுத்தாள். "அறுபத்தஞ்சு."

"எழுபது" என்றார் டாக்டர். அது அவரிடமிருந்து தானாக வந்துவிட்டது. சொன்னதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எழுபத்தொண்ணு. அதோட விட்டுடுங்க டாக்டர், வீட்டுல திட்டுவாங்க."

டாக்டர் விட்டுவிட்டார். உண்மையில் கொஞ்சம் நிம்மதியோடுதான் விட்டார்.

"எழுபத்தொண்ணு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" மனைவி செருப்பால் படியில் ஒரு தட்டுத் தட்டினாள். மூன்றரை நிமிஷம்.

வாசல் கதவில் தலைமை அலுவலர் மணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அடிக்க மறந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள்.

ஐந்து நாற்பதுக்கு அவர்கள் வண்டிக்காரரின் கொட்டகையில் இருந்தார்கள். எண்பதாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவர் சாவியைத் தந்தார். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினார். "முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திட்டாதே. திட்டினா நின்னுடும்" என்றார். தண்ணீர் கேன் ஆள் ஆறு அடித்து ஒரு நிமிஷத்துக்கு வந்து, வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போனானாம்.

கொக்கி ஓட்டினான். பின்னால் மரப்பலகையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழி ஏல மாளிகைத் தெரு. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வரிசை நின்றது. முன்மேசைப் பெண், ஊக்குநர், படிக்கு ஒருவராக முத்திரைக்காரர்கள், மொத்தம் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் கையிலும் மடித்த கைக்குட்டை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவன் மச்சினன். யார் சொல்லி அந்த வேலையை எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை. கழுத்தில் ஊக்குநரின் கழுத்துப்பட்டை இருந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க! பாவம், இவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு காசை வருஷக்கணக்கா பொத்தி வச்சிருக்காங்க. எவ்வளவு எதிர்பாக்கிறாங்கன்னு நான் கேட்டுக் கூட்டிட்டேன். மொத்தம் முந்நூத்தி நாப்பத்து நாலு கோடி. ஆளுக்கு எட்டு."

கொக்கி பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கி நின்று அணைந்தது. தலைமை அலுவலர் வண்டியின் பக்கவாட்டில் வந்து நின்று, யாருக்கும் தெரியாமல் செய்வது போல், எல்லோர் எதிரிலும் கைக்குட்டையை விரித்தார். அவர் குரல் மாறியிருந்தது. குழந்தையைத் தூங்க வைக்கிற குரல்.

"அம்மா, இதை நீங்களே ஏலம் போட்டுக் குடுத்துடுங்க. எட்டுக் கோடிக்கு ஒரு பைசா குறையக் கூடாது. நான் ரொம்ப வருஷமா பாத்துக்கிட்டே இருக்கேன். தினமும் ராத்திரி பாப்பேன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். வழக்கம் வழக்கம்தான், குறையைச் சொல்லாமல் அவளால் விற்க முடியாது.

"சார், இது காசு இல்ல. சட்டைப் பித்தான். நடுவுல ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க."

தலைமை அலுவலர் புன்னகை செய்தார். விஷயம் தெரியாதவர்களிடம் விஷயம் தெரிந்தவர்கள் காட்டுகிற பொறுமை அது.

"அந்த ரெண்டு ஓட்டைதாம்மா இதோட அபூர்வமே" என்றார்.

வரிசை முழுவதும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அவள் பித்தானைக் கைக்குட்டையில் வைத்து, பத்திரமாக மடித்து, அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏங்க, வண்டியை எடுங்க."

கொக்கி சாவியைத் திருப்பினான். வண்டி செருமியது, கிளம்பவில்லை. திட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவன் திட்டவில்லை. மறுபடி திருப்பினான். அப்போது வண்டி தானாக மெல்ல நகர்ந்தது. திரும்பிப் பார்த்தான். தலைமை எதிர்பார்ப்பு அலுவலர் ஒரு கையில் கைக்குட்டையும் மறு கையில் வண்டியின் பின்பலகையுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஊக்குநர், முன்மேசைப் பெண், ஒன்றரைக் கோடிப் படிக்காரர், நாற்பது லட்சப் படிக்காரர், 'ஏதோ கொடுத்தால் சரி' படிக்காரர், எல்லோரும் தள்ளினார்கள். "ஹூம், சேர்ந்து! ஹூம்!" என்று மச்சினன் குரல் கொடுத்தான்.

தெருமுனையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொக்கி முதுகைப் பலகையில் சாய்த்தான், அழுத்தினான், வலிக்கவில்லை.

"அம்மா!" பின்னாலிருந்து தலைமை அலுவலர் ஓடிக்கொண்டே கத்தினார். "ஏழரைக் கோடிக்குக் கேட்டாலும் சொல்லியனுப்புங்க!"